மேற்கு வரப்பு

இன்று காலை கிழக்கு வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் மடையைத் திறந்துவிட நான் போயிருந்தேன். வயலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. ஈர மண்ணும், அறுபட்ட அருகம்புல் வேரும், நண்டு வளைக்குள்ளிருந்து வருகிற அழுகின நெடியும் கலந்த வாசனை. புரட்டாசியில் சம்பாவுக்கு வரப்பு வெட்டுகிற நாட்களில் நீங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் இந்த வாசனைதான் வரும். காலைக் கழுவிவிட்டு வாங்க என்று நான் கத்துவேன். கழுவிட்டேன் என்பீர்கள். கழுவியிருக்க மாட்டீர்கள்.

வெட்டிக்கொண்டிருந்தது கிழக்கு வயல்காரன் கோவிந்தராசுவின் ஆட்கள். வழக்கம்போல் நாலு விரல் உள்ளே. நான் நின்று பார்த்தேன், சத்தம் போடவில்லை. போடத் தெம்பில்லை என்பது ஒன்று. போடுவதற்கு எனக்கு வாயில்லாமல் போய்விட்டது என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது விஷயத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் போய் இது மூன்றாவது வருஷம். கல்லறைக்கு வரும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, பூவை வைத்துவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறேன். எழுதினால் முழங்கால் வலிக்காது அல்லவா.

உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

இரண்டு வயலுக்கு நடுவில் ஒரு வரப்பு இருந்தால் அது இரண்டு பேருக்கும் பொது. நடவுக்கு முன்னால் அவரவர் தங்கள் பக்கத்துப் புல்லை மண்வெட்டியால் செதுக்கிவிட்டு, வயல் சேற்றை அள்ளி வரப்பின்மேல் பூசி மெழுகுவார்கள். எலி வளையும் நண்டு வளையும் அடைபடும், தண்ணீர் நிற்கும். புல்லை மட்டுந்தான் செதுக்க வேண்டும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. யாரும் எழுதி வைக்காததாலேயே ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். கோவிந்தராசு புல்லோடு சேர்த்து வரப்பையும் நாலு விரல் வெட்டித் தன் வயலுக்குள் இழுத்துக்கொள்வான். வரப்பு மெலிந்துவிடும். மெலிந்த வரப்பு ஐப்பசி மழைக்குத் தாங்காது. அதனால் நாம் நம் பக்கத்து மண்ணை வெட்டி அணைப்போம். அடுத்த போகம் அவன் மறுபடியும் வெட்டுவான், நாம் மறுபடியும் அணைப்போம். இப்படியே வரப்பு கொஞ்சம் கொஞ்சமாக நம் நிலத்துக்குள் நடந்து வந்தது. வெறும் மண்வெட்டியை வைத்துக்கொண்டு பத்து வருஷத்தில் இரண்டு முழம் நிலம் எடுத்தவன் அவன். தாலுகா கச்சேரிக்குப் போனாலும் என்ன சாட்சி காட்டுவது?

முதன்முதலில் நான் அவனோடு சண்டைக்குப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்று கத்தினேன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"எலி வளை இருக்குக்கா. வெட்டலைன்னா தண்ணி நிக்காது. உங்க நல்லதுக்குந்தான் சேத்து வெட்டுறேன்."

நீங்கள் வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். வீட்டுக்கு வருகிற வழி முழுவதும் நான் உங்களைத்தான் திட்டினேன். அவனைத் திட்டினால் அவனுக்கு உறைக்காது, உங்களைத் திட்டினால் உங்களுக்கு உறைக்கும் என்பதால்.

எனக்கு எரிந்தது நிலம் போனதற்காக மட்டும் இல்லை. அவன் நன்றாக இருந்தான். அதுதான் எரிச்சல். நம் வீட்டு ஓட்டைப் பிரித்து மாற்ற முடியாமல் நாம் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அவன் மாடி வீடு கட்டினான். அறுவடை இயந்திரம் வாங்கினான். ஊராட்சியில் பதவி வந்தது. சரி, உலகம் அப்படித்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் நம் வேதக்கோயிலில் விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு அவனை விருந்தாளியாகக் கூப்பிட்டு, மாலை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்களே! கோயிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்திருந்தான். பொல்லாதவர்கள் செழிப்பதைப் பார்த்து வயிறெரியக்கூடாது என்று போதகர் ஐயா அன்றைக்குப் பிரசங்கம் செய்தது அவன் கொடுத்த மைக்கில்தான். நான் உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பாட்டுப் புத்தகத்தை மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் பிரியாணியும் இறங்கவில்லை.

அன்று சாயந்திர ஜெபத்தில் அதே பகுதியை நீங்கள் வேண்டுமென்றே எடுத்து வாசித்தீர்கள். அக்கிரமக்காரர்கள் புல்லைப்போலச் சீக்கிரத்தில் அறுப்புண்டு வாடிப்போவார்கள் என்று வருகிற இடத்தில் நான் குறுக்கே பேசினேன்.

"நிறுத்துங்க. புல்லு வாடிப்போகும்னு எழுதினவங்க நம்ம ஊரு வரப்பைப் பாத்திருக்க மாட்டாங்க. இங்க இன்னிக்கு அறுத்தா பத்தாம் நாளு முன்னைவிட செழிப்பா நிக்குது."

ஜெபம் அத்தோடு போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "வாடும்னுதான் போட்டிருக்கு. எந்த வருஷம்னு போடலையே. அது நம்ம பாடு இல்ல. அவனைப் பாத்து வேகாம இருக்கணும்ங்கறதுதான் நம்ம பாடு."

"நீங்க வேகலையா?"

எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டீர்கள். வேகிறவர்தான் அப்படி எழுந்து போவார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இன்னொரு விஷயமும் எனக்குப் புரிய நாளானது. வயலில் எந்த வேலைக்கும் நீங்களே மண்வெட்டி எடுப்பீர்கள், கிழக்கு வரப்புக்கு மட்டும் கலியனை அனுப்புவீர்கள். கலியன் நம் வீட்டில் இருபது வருஷமாக வேலை செய்கிறவன், புல்லை மட்டும் செதுக்கு என்றால் புல்லை மட்டும் செதுக்குவான். கோவிந்தராசுவுக்குப் பயந்துகொண்டு நீங்கள் போகாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். பயமா என்று.

"பயந்தான்" என்றீர்கள். "அவனுக்கு இல்ல. வருஷா வருஷம் அவன் வெட்டுறதைப் பாத்துப் பாத்து எனக்கும் எப்படி வெட்டுறதுன்னு தெரிஞ்சு போச்சு. மம்பட்டி கையில இருந்தா செஞ்சிருவேன்."

கையாலாகாதவர் பேசுகிற பேச்சு என்று அன்றைக்கு நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்து வந்த தை மாதம் அறுவடை முடிந்த மறுவாரம் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. நம் மகன் சிங்கப்பூரில். ஆம்புலன்ஸ் வருவதற்கு நேரமாகும் என்றார்கள். சத்தம் கேட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது யார் தெரியுமா? உங்களுக்கு எங்கே தெரியும், மயங்கிக் கண்மூடிக் கிடந்தீர்கள். கோவிந்தராசு. உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்து, உங்கள் தலையை என் மடியில் வைத்து, தஞ்சாவூர் ரோட்டில் அவன் ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்க முடியாது. "அண்ணே, கண்ணத் தொறங்கண்ணே, கண்ணத் தொறங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். பாதி வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தில் அவன் அழுதது நடிப்பு இல்லை. எனக்கு நடிப்பு தெரியும்.

சரி, மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். ஆனியில் குறுவைக்கு வரப்பு வெட்டினான். நாலு விரல் உள்ளே. உங்கள் கல்லறை மண் அப்போதுதான் அமுங்கத் தொடங்கியிருந்தது.

ஒரேயடியாகக் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அலுத்திருக்காது. நம் வீட்டுச் சாவுக்கு அழுகிறவனே நம் வரப்பையும் வெட்டினால் அவனை எந்தக் கணக்கில் வைப்பது? மகனிடம் போனில் சொன்னேன். "விட்டுத் தள்ளும்மா, ரெண்டு முழத்துக்குப் போய்" என்றான். அவனுக்கு அங்கே கால் நீட்டிப் படுக்க இடமில்லை. ஆனாலும் பேச்சு தாராளம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அந்தச் சம்பாவுக்குக் கலியன் மேற்கு வரப்பில் நின்றான். மேற்கே நாகம்மாவின் இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூட வராது. நம் வயலில் நடவுக்கும் களைக்கும் வருகிற அதே நாகம்மாதான். மற்றவர்கள் நிலத்தில் நட்டுவிட்டுக் கடைசியில் தன் நிலத்தை நட்டுக்கொள்கிறவள். நான் கலியனிடம் சொன்னேன், ஒரு ஜாண் உள்ளே தள்ளி வெட்டு என்று. அவன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அம்மா, அது நாகம்மா பக்கம்."

"தெரியும். கிழக்குல போனதை எங்கேருந்து எடுக்கச் சொல்ற? வெட்டு."

வெட்டினான். கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். பொய். கோபத்தில் ஒரு தடவைதான் சொல்ல முடியும். அடுத்த குறுவைக்கும் சொன்னேன், அடுத்த சம்பாவுக்கும் சொன்னேன், இந்த வருஷம் ஆனியிலும் சொன்னேன். கோவிந்தராசு பத்து வருஷத்தில் செய்து முடித்ததை நான் நாலு போகத்தில் முடித்துவிட்டேன். முதல் தடவை செய்தபோது ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். நீங்கள் போனபிறகு அப்படித் தூங்கினதே இல்லை. இதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

நான் வெட்டியதால் அவள் வரப்பு மெலிந்தது. தண்ணீர் நிற்க வேண்டுமே என்று அவள் தன் வயல் மண்ணைக் கூடையில் அள்ளி வந்து அணைத்தாள். இடுப்பில் கூடையோடு அவள் நடப்பதை நம் மோட்டார் கொட்டகையிலிருந்து பார்த்தேன். நாம் பத்து வருஷம் செய்த அதே வேலை. பார்த்துவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன்.

இந்தச் சித்திரையில் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன். கிழக்கு எல்லையை அளந்து கல் போட்டுத் தர வேண்டும் என்று. நீங்கள் இருந்தவரைக்கும் விடவில்லை. இப்போது தடுக்க யார் இருக்கிறார்கள்? மேற்கில் நான் செய்தது அப்போது என் நினைப்பிலேயே இல்லை என்றால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். நினைப்பில் இருந்தது. மேற்கை யார் கேட்கப் போகிறார்கள் என்றும் இருந்தது.

ஆனி மாதம், நாலாவது தடவை வெட்டிய இரண்டாம் நாள், கொட்டகைக்குள் மோட்டாருக்கு ஃப்யூஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே மேற்கு வரப்பில் பேச்சுச் சத்தம். நாகம்மாவும் அவள் புருஷன் முருகையனும். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"நாமளும் அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டுவோம்" என்றான் முருகையன். "என்னா பண்ணிடுவாங்க?"

"மம்பட்டியக் கீழ போடு."

"எதுக்குப் போடணும்? ஐயா வேதம் வாசிச்ச வீடு. ஞாயித்துக்கிழமையானா வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டுப் போறாங்க. இவ்வளவும் செஞ்சிட்டு அந்தம்மா நல்லாத்தானே இருக்காங்க? வீடு இருக்கு, புள்ள வெளிநாட்டுல இருக்கான். நம்ம என்னாத்தக் கண்டோம்?"

நல்லாத்தானே இருக்காங்க. அந்தச் சொல்லை எத்தனை தடவை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்! கோவிந்தராசுவைக் காட்டி, அவன் வீட்டைக் காட்டி, அவன் வண்டியைக் காட்டி. என்னைக் காட்டி ஒருவன் அதைச் சொல்வான் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தம்மா நல்லா இருக்காங்களாம். முழங்கால் வலியோடு, தனியாக ஒரு டம்ளர் அரிசி போட்டு வடித்துத் தின்கிற அம்மா.

நாகம்மா அவனுக்குச் சொன்ன பதிலும் காதில் விழுந்தது. "அவங்க வெட்டுனா அது அவங்களோட போவும். நாம வெட்டுனா ரெண்டு திருடு ஆயிடும். அந்தம்மாவப் பாத்து நீ கெட்டுப்போவாத."

ஃப்யூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பார்த்துக் கெட்டுப்போகக் கூடாது என்று ஊரில் நாலு பேர் ஒருத்தரைக் காட்டுவார்கள் அல்லவா, அந்த ஒருத்தி நான்.

இதைக் கேட்டபிறகு உடனே எழுந்து போய் வரப்பைச் சரி செய்தேன் என்று எழுத ஆசைதான். மூன்று மாதம் ஒன்றும் செய்யவில்லை. நாகம்மா களைக்கு வந்தாள், போனாள். நான் அவளுக்கு டீ கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தேன். வெட்கம் வந்தால் மனுஷர் திருந்துவார்கள் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு வெட்கம் வந்தது, கூடவே அசதியும் வந்தது. அசதிதான் ஜெயித்தது.

போன வாரம் சர்வேயர் வந்தார். சின்ன வயசுக்காரர், தொப்பி போட்டுக்கொண்டு, கூடவே தலையாரி. குறுவை அறுத்த தாள் வயலில் காய்ந்து கிடந்தது. பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கோவிந்தராசு வெள்ளை வேட்டியில் வந்து நின்றான். நாகம்மாவும் முருகையனும் தள்ளி நின்றார்கள். கலியன் கடப்பாரையோடு என் பக்கத்தில்.

சர்வேயர் புலப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், மேற்கே கல் எங்கே என்று. கல்லை யாரும் பார்த்து வருஷக்கணக்காயிற்று, மண்ணுக்குள் போய்விட்டது என்றான் கலியன்.

"சரி, இந்த வரப்புல யாருக்கும் தகராறு இருக்கா? இல்லைன்னா வரப்பையே எல்லையா வெச்சு இங்கேருந்து கிழக்க அளந்துடுறேன்."

முருகையன் வாயைத் திறந்தான். நாகம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தகராறு ஒண்ணும் இல்லைங்க சார்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. நாளைக்கு நடவுக்கு என் வயலுக்குத்தானே அவள் வந்தாக வேண்டும்.

அளக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு தலையாரி கிழக்கே நடந்தான். சர்வேயர் படத்தைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், மறுபடியும் அளக்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார்.

"அம்மா, உங்க நிலம் படத்துல இருக்கிற மாதிரியே சரியா இருக்கே. கிழக்கு வரப்பு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. எதுக்கு மனுக் கொடுத்தீங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கிழக்கில் அவன் எடுத்த இரண்டு முழத்தை நான் மேற்கில் எடுத்திருந்தேன். நடுவில் இருந்தது அளவுக்குச் சரியாக இருந்தது. அவன் திருடியதை என் திருட்டைக் கொண்டு நானே அழித்துவிட்டேன். பத்து வருஷமாக எவ்வளவு கத்தினேன், எவ்வளவு சாபம் விட்டேன்! அரசாங்கத்து ஆள் வந்து அளந்து, கோவிந்தராசு ஒரு விரல்கூட எடுக்கவில்லை என்று சொல்கிறார். நிலம் போனது நாகம்மாவுக்கு. அதை அவள் வாயாலேயே இல்லை என்றும் சொல்லிவிட்டாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேக்கா" என்றான் கோவிந்தராசு. "எலி வளைன்னு."

சர்வேயர் பேனாவை எடுத்தார். எல்லை சரியாக உள்ளது என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் எழுதினால் நாகம்மாவின் இரண்டு முழம் என்றைக்கும் நம்முடையது. அவர் எழுதாமல் இருக்க வேண்டுமானால் நான் வாயைத் திறக்க வேண்டும். கோவிந்தராசு நிற்கும்போது, முருகையன் நிற்கும்போது.

"எழுதாதீங்க சார்" என்றேன். "மேற்கு வரப்பு எடத்துல இல்ல. நான்தான் வெட்டித் தள்ளச் சொன்னேன். நாலு போகமா. கல்லு என் வயலுக்குள்ள இருக்கு, தேடிப் பாருங்க."

சர்வேயர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கலியன் யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. வரப்பிலிருந்து இரண்டு முழம் நம் பக்கம் தள்ளிக் கடப்பாரையால் குத்திக்கொண்டே போனான். ஏழாவது குத்தோ எட்டாவது குத்தோ, டங் என்றது. தோண்டினார்கள். கல் இருந்தது. அங்கிருந்து அளந்தபோது கிழக்கு எல்லை கோவிந்தராசுவின் வயலுக்குள் இரண்டு முழம் போய் நின்றது. சர்வேயர் அங்கே முளைக்குச்சி அடித்தார்.

கோவிந்தராசுவின் முகம் மாறியது கொஞ்ச நேரந்தான். "கோயில் வீட்டம்மாவே இப்படின்னா நாங்கல்லாம் எந்த மூலைக்கு?" என்று தலையாரியிடம் சொல்லிச் சிரித்தான். முளைக்குச்சிகளைக் காட்டியபோது, நாற்று விட்டாயிற்று, தையில் அறுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றான். மூன்றாம் நாள் குச்சிகள் இல்லை. இன்று வரப்பை வெட்டிவிட்டான். ஊர் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு, பேசுகிறவன் அவன். அதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் எனக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அதே மைக்.

மேற்கு வரப்பை மறுநாளே மாற்றினோம். கலியன் வெட்ட, நான் சேறு அள்ளினேன். இந்த முழங்காலோடுதான். கொஞ்ச நேரத்தில் நாகம்மா கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் வரைக்கும் சேறு அள்ளிப் போட்டோம். தப்புச் செய்த மனசு, கல்லைத் தாண்டி இன்னும் ஒரு கை நம் பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன், அவளுக்கு இருக்கட்டும் என்று. நாகம்மா நிமிர்ந்தாள்.

"கல்லு வரைக்கும் போதும்மா. கூட வேணாம். அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு ஆசை வந்துடும்."

நான் தப்பு செய்துவிட்டேன் நாகம்மா என்றேன். "ஆமாம்மா" என்றாள். நடவுக்கு இந்தத் தடவை அவள் வரப்போவதில்லை, பக்கத்து ஊருக்குப் போகிறாளாம். நானும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. கிழக்கில் நிலம் திரும்பி வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. அவன் வாடவில்லை. எனக்கு அவன்மேல் இருந்த எரிச்சலும் போகவில்லை. இன்று காலைகூட வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஒன்று மட்டும் இருக்கிறது. அன்றைக்கு வயலில் நின்று, நான்தான் வெட்டச் சொன்னேன் என்று சொன்னேனே, அதைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து சொல்லி முடிக்கும் வரைக்கும் கோவிந்தராசு அங்கே நிற்கிறான் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் எதைச் சாப்பிட்டாலும், எங்கே உட்கார்ந்தாலும், ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும்கூட அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். அவன் என்ன வைத்திருக்கிறான், அவனுக்கு என்ன கிடைத்தது என்று. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவன் இல்லை. நானும் நாகம்மாவும் அந்த வரப்புந்தான் இருந்தோம். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. பிறகு அவன் சிரித்த சத்தம் கேட்டது, எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஆயுசு முழுக்க அப்படித்தான் இருந்தீர்களா, இல்லை உங்களுக்கும் எப்போதாவது அவ்வளவு நேரந்தான் வாய்த்ததா? இருந்தபோது கேட்டிருக்கலாம். உங்களைத் திட்டவே நேரம் சரியாகப் போய்விட்டது.